கண்டெய்னர் வரிசையில் ஒரு ஹைபிரிட்: மூன்று லட்சம் கூடக் கொடுக்கலாமா?

வடசென்னை காத்திவாக்கத்திலிருந்து பாரிமுனை எவ்வளவு தூரம் என்று கேட்டால் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பீர்கள். ஞாயிறு காலையா, வேலைநாள் மாலையா? துறைமுக வாசலில் டிரெய்லர்கள் நகர்கின்றனவா, நிற்கின்றனவா? ஹைபிரிட் எஸ்.யு.வி. வாங்கலாமா என்ற கேள்விக்கும் பதில் இந்த யோசனைக்குள்தான் இருக்கிறது.

ஷோரூமுக்குப் போகிறீர்கள். மாருதி கிராண்ட் விட்டாரா அல்லது டொயோட்டா ஹைரைடர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தவை, உள்ளே ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். விற்பவர் இரண்டு விலை சொல்கிறார். பெட்ரோல் வண்டி ஒரு விலை, ஹைபிரிட் அதைவிட லட்சக்கணக்கில் அதிகம். “மைலேஜ் 28 வரும் சார், போட்ட காசு ரெண்டே வருஷத்துல திரும்பிடும்” என்கிறார். திரும்புமா?

முதலில், ஹைபிரிட் என்றால் என்ன? ஒரே வண்டிக்குள் பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இருப்பது. கூடவே ஒரு சிறிய பேட்டரி. வண்டி மெதுவாக ஊர்ந்தால் மோட்டார் இழுக்கும். வேகம் கூடினால் இன்ஜின் சேர்ந்துகொள்ளும். சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும். எப்போது எது ஓட வேண்டும் என்பதை வண்டியே முடிவு செய்யும், நீங்கள் ஒரு பொத்தானும் அழுத்த வேண்டாம்.

அந்தப் பேட்டரிக்கு யார் சார்ஜ் போடுவது? நீங்கள் இல்லை. பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? சக்கரத்தில் உரசி விளக்கு எரிய வைக்கும், மிதிக்கக் கொஞ்சம் கனக்கும். அதே கதைதான் இங்கே. பிரேக்கில் கால் வைத்ததும் மோட்டார் டைனமோவாக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. சாதாரண வண்டியில் அந்த ஓட்டமெல்லாம் பிரேக் சூடாகி வீணாகும். போதாததை இன்ஜின் ஓடி நிரப்பும். ஆக மொத்த மின்சாரமும் நீங்கள் போட்ட பெட்ரோலில் இருந்து வந்ததுதான். ஹைபிரிட் புதிதாக எதையும் தருவதில்லை, சிந்துவதைப் பிடித்து வைக்கிறது. சிந்துவது அதிகம் உள்ள இடத்தில்தான் அதற்கு வேலை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்று எழுதியிருப்பதெல்லாம் நான் மேலே சொன்ன ஹைபிரிட் இல்லை. அது மைல்டு ஹைபிரிட் (இன்ஜினுக்குச் சின்ன மோட்டார் கை கொடுக்கும், ஆனால் மோட்டாரால் மட்டும் வண்டி நகராது). மோட்டாரால் தனியாகவே வண்டியை நகர்த்த முடிந்தால்தான் ஸ்ட்ராங் ஹைபிரிட் (முழு ஹைபிரிட்). டொயோட்டா தன் மைல்டு வண்டிக்கு ‘நியோ டிரைவ்’ என்று பெயர் வைத்திருக்கிறது. பெயரில் மயங்காமல் ஒரே கேள்வி கேளுங்கள்: “இன்ஜின் அணைந்த நிலையில் வண்டி நகருமா?” நகரும் என்றால் ஸ்ட்ராங். இந்தக் கட்டுரையில் இனி ஹைபிரிட் என்று சொல்வது அதைத்தான்.

சரி, உண்மையில் எவ்வளவு கூடுதல்? இதைக் கணக்கிடும்போது பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். மேனுவல் கியர் பெட்ரோல் வண்டியின் விலையை எடுத்து ஹைபிரிட்டின் விலையோடு ஒப்பிடுகிறார்கள். ஹைபிரிட் ஆட்டோமேட்டிக் ஆக மட்டும்தான் வருகிறது. எனவே பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

கிராண்ட் விட்டாராவின் அறிமுக விலையையே எடுத்துக்கொள்வோம். ஜீட்டா என்ற வகையில் மேனுவல் 13.89 லட்சம், ஆட்டோமேட்டிக் 15.39 லட்சம், ஹைபிரிட்டான ஜீட்டா பிளஸ் 17.99 லட்சம். மேனுவலோடு பார்த்தால் இடைவெளி 4.10 லட்சம். ஆட்டோமேட்டிக்கோடு பார்த்தால் 2.60 லட்சம். அதன் பிறகு விலைகள் ஏறி இறங்கியிருக்கின்றன. நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு போடும் முறை மாறாது.

அந்த 2.60 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையில் (சாலை வரி, பதிவு சேராத விலை) உள்ள இடைவெளி. இதன் மேல் சாலை வரி உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 2.60 லட்சத்துக்கு அது 46,800 ரூபாய். ஆக நீங்கள் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டியது 3.07 லட்சம்.

20 லட்சத்தைத் தாண்டினால் வரி 20 சதவீதமாகிவிடும். உச்ச வகை ஹைபிரிட்கள் இந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கின்றன. சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு ஒரு படி மேலே போனால், சன்ரூஃபின் விலையோடு வரிப் படியும் ஏறக்கூடும். ஷோரூமில் எக்ஸ்-ஷோரூம் விலையைத்தான் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். நீங்கள் ஆன்ரோடு விலையை இரண்டு வண்டிக்கும் எழுதி வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸ்? மூன்றாம் நபர் காப்பீட்டில் (உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) ஹைபிரிட்டுக்கு 7.5 சதவீதத் தள்ளுபடி 2022 முதல் உண்டு. 1000 முதல் 1500 சிசி வரை அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 3,416 ரூபாய், தள்ளுபடி 256 ரூபாய். ஒரு பிரியாணிக்கு ஆகும். ஆனால் வண்டியின் விலை அதிகம் என்பதால் சொந்தச் சேதக் காப்பீடு அதைவிடக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும்.

இனி வரவுப் பக்கம். அரசு அங்கீகார மைலேஜ் எண்களைப் பாருங்கள்: பெட்ரோல் ஆட்டோமேட்டிக் (அது மைல்டு வகை) லிட்டருக்கு 20.58 கிலோமீட்டர், ஹைபிரிட் 27.97. சென்னையில் பெட்ரோல் சில ஆண்டுகளாகவே நூறு ரூபாயை ஒட்டி நிற்கிறது, கணக்குக்கு நூறு என்றே வைப்போம். மைல்டுக்குக் கிலோமீட்டருக்கு 4.86 ரூபாய், ஹைபிரிட்டுக்கு 3.58 ரூபாய். மிச்சம் 1.28 ரூபாய். 3.07 லட்சத்தை 1.28-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.4 லட்சம் கிலோமீட்டர்!

அதாவது விற்பவர் காட்டும் எண்ணை வைத்தே பார்த்தால், அவர் சொன்ன இரண்டு வருடம் வரவே வராது. ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ஓடினால் இருபது ஆண்டு. வண்டியை அதற்குள் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை. அந்த எண் பரிசோதனைக் கூடத்தில், ஏ.சி. போடாமல், ஒரு குறிப்பிட்ட வேக அட்டவணைப்படி ஓட்டி எடுத்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் மாலை ஆறு மணிக்கு எடுத்தது இல்லை.

அந்த ஆறு மணியை நினைத்துப் பாருங்கள். முன்னால் நாற்பது அடி கண்டெய்னர், பக்கத்தில் இன்னொன்று. பத்தடி நகர்கிறீர்கள், நிற்கிறீர்கள். ஜன்னலை இறக்கினால் புழுதியும் டீசல் புகையும், அதனால் ஏ.சி. ஓடியாக வேண்டும். சாதாரண வண்டியில் ஏ.சி. ஓட இன்ஜின் ஓட வேண்டும். நின்ற இடத்திலேயே மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போய்விடும், தூரம் மட்டும் பூஜ்யம். ஹைபிரிட்டில் ஏ.சி. கம்ப்ரஸர் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானே சில நிமிடம் எழுந்து நிரப்பிவிட்டு மறுபடி அடங்கும். ஊர்வதும் பெரும்பாலும் மோட்டாரில்தான்.

இந்த நெரிசலில் சாதாரண ஆட்டோமேட்டிக்கின் மைலேஜ் பாதாளத்துக்குப் போகும், ஹைபிரிட் அவ்வளவு விழாது. கணக்குக்காக 12 என்றும் 20 என்றும் வைப்போம். இவை என் அனுமானம். உங்கள் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிறகு சொல்கிறேன். செலவு கிலோமீட்டருக்கு 8.33 ரூபாய்க்கு எதிராக 5 ரூபாய். மிச்சம் 3.33. அப்போது 3.07 லட்சம் திரும்ப 92,000 கிலோமீட்டர் போதும்.

2.4 லட்சம் எங்கே, 92,000 எங்கே! ஒரே வண்டி, ஒரே பெட்ரோல். மாறியது சாலை மட்டும். நின்று நின்று போகும் தெருவில்தான் ஹைபிரிட் சம்பாதிக்கிறது.

நெடுஞ்சாலையில்? அங்கே பிரேக்குக்கு வேலை இல்லை, இன்ஜினும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சாதாரண வண்டிக்கு 17, ஹைபிரிட்டுக்கு 21 என்று தாராளமாகக் கொடுத்தாலும் மிச்சம் 1.12 ரூபாய். முதல் திரும்ப இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். காத்திவாக்கத்தில் இருந்து தினம் பாரிமுனைக்குக் கார் எடுத்துப் போகிறவர் என்றால், போக வர 32 கிலோமீட்டர், மாதம் 25 நாள். ஆண்டுக்கு 9,600. முழுக்க நெரிசல் என்று ஹைபிரிட்டுக்குச் சாதகமாகவே வைத்தாலும் போட்ட பணம் திரும்ப ஒன்பதரை ஆண்டு. இதுதான் இந்தக் கணக்கின் குறும்பு: நெரிசலில் அதிகம் நிற்கிறவர் அதிகம் ஓடுவதில்லை. நேரம் போகிறதே தவிர கிலோமீட்டர் ஏறுவதில்லை. இவருக்கு நான் சொல்வது, காத்திவாக்கம் ஸ்டேஷனில் மின்ரயில் பிடிக்கலாம், விம்கோ நகரில் மெட்ரோ ஏறலாம், வாரக் கடைசிக்கு ஒரு சாதாரணப் பெட்ரோல் வண்டி போதும்.

எதிர்முனையில் ஒருவர் இருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை. மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்து ஒரு வழிக்கு 55 கிலோமீட்டர் போகிறார். ஆண்டுக்கு 29,000 கிலோமீட்டர் ஓடுகிறது. இத்தனை ஓட்டத்துக்கு ஹைபிரிட் வாரிக் கொடுக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வெளிவட்டச் சாலை விரிந்து கிடக்கிறது. கிலோமீட்டருக்கு 1.12 ரூபாய்தான் மிச்சம், ஆண்டுக்கு 32,500. இவருக்கும் ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

ஹைபிரிட் யாருக்காகவே செய்தது போல இருக்கும் என்றால், கிளியரிங் ஏஜென்டுக்கு. காலையில் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ், அங்கிருந்து மணலி பக்கம் ஒரு சி.எஃப்.எஸ். (கண்டெய்னர் சரக்கு நிலையம்), மதியத்துக்கு மேல் காமராஜர் துறைமுகமோ காட்டுப்பள்ளியோ, மறுபடி ஊருக்குள். தினம் 70 கிலோமீட்டர், எல்லாமே லாரிகளுக்குப் பின்னால். ஆண்டுக்கு 21,000 ஓடும், நெரிசல் கணக்கில் 70,000 ரூபாய் மிச்சம். நாலரை ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும், அதற்கு மேல் ஓடுவதெல்லாம் லாபம். நம் பகுதியில் இப்படி ஓடுகிறவர்கள் கொஞ்சப் பேர் இல்லை.

கடனில் வாங்கினால்? பெரும்பாலும் அப்படித்தான், ஆகவே இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கூடுதலான 3.07 லட்சத்தையும் 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை அதற்கு மட்டும் சுமார் 6,370 ரூபாய். மொத்த வட்டி 75,000-ஐ ஒட்டும். அப்போது நெரிசல் கணக்கிலேயே 92,000 போய் 1.15 லட்சம் கிலோமீட்டர் ஆகிவிடும்.

இதையே மாதக் கணக்கில் பார்த்தால் இன்னும் எளிது. தவணைக்கு ஈடாகப் பெட்ரோலில் மாதம் 6,370 ரூபாய் மிச்சமாக வேண்டும் என்றால், நெரிசலில் மாதம் 1,900 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். ஞாயிறும் சேர்த்து தினம் 64. உங்கள் வண்டி அவ்வளவு ஓடுகிறதா? பழைய வண்டியின் சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள். மனதில் நினைப்பதற்கும் புத்தகத்தில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

உங்கள் மைலேஜ் எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை இது. டேங்கை நிரப்பி, தானே நிற்கும் வரை பம்பில் ஊற்றச் சொல்லுங்கள். ஓடிய கிலோமீட்டரைக் குறியுங்கள். இரண்டு வாரம் வழக்கம் போல ஓட்டுங்கள். மறுபடி அதே பம்பில் அதே போல நிரப்புங்கள். இடையில் ஓடிய தூரத்தை, இப்போது ஊற்றிய லிட்டரால் வகுங்கள். இப்போதைய வண்டியில் 15-க்கு மேல் வந்தால் உங்கள் சாலை ஹைபிரிட்டுக்கு அவ்வளவு தீனி போடாது. 10, 11 என்று வந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

பேட்டரி போய்விட்டால்? எல்லோருக்கும் முதலில் எழும் பயம் இதுதான். இந்த வண்டிகளின் பேட்டரி மின்காரின் பேட்டரி போலப் பெரியது இல்லை; 0.76 யூனிட் மின்சாரம்தான் கொள்ளும். பல மின்கார்களில் அது முப்பது, நாற்பது யூனிட்டுக்கு மேல். எனவே மாற்ற நேர்ந்தாலும் செலவு மின்கார் அளவுக்குப் போகாது. 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை பேட்டரிக்கு வாரண்டி தருகிறார்கள். இப்போது பாரிமுனைக்காரரின் ஒன்பதரை ஆண்டை மறுபடி எண்ணிப் பாருங்கள். முதல் திரும்பும் முன்பே அவருக்கு வாரண்டி முடிந்துவிடுகிறது.

இலங்கையில் சொந்தக்காரர் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நமக்கு முன்பே அங்கே ஜப்பானில் ஓடிய பிரியஸ், அக்வா, வெசல் ஹைபிரிட்கள் ஏராளமாக இறங்கிவிட்டன. 2020-ல் வாகன இறக்குமதி நின்று 2025-ல்தான் மறுபடி திறந்தது. புதிது கிடைக்காத அந்த ஆண்டுகளில் பழைய ஹைபிரிட்களையே ஓட்டித் தீர்த்தார்கள். பேட்டரியைப் பிரித்து, கெட்ட செல்லை மட்டும் மாற்றிக் கொடுப்பதே அங்கே ஒரு தொழில். பழைய ஹைபிரிட் வாங்கப் போனால் முதல் கேள்வி பேட்டரி ஸ்கேன் எங்கே என்பதுதான். நாளை நீங்கள் விற்கும்போது இங்கேயும் அதே கேள்வி வரும். வாரண்டி அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கியர்பாக்ஸ்? ஆட்டோமேட்டிக் என்றால் ‘சி.வி.டி., பெல்ட் அறுந்துவிடும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த ஹைபிரிட்களில் இருப்பது இ-சி.வி.டி. (மோட்டார்களையும் இன்ஜினையும் பற்சக்கரங்களால் இணைக்கும் அமைப்பு). பெயர்தான் ஒன்று. பெல்ட்டும் இல்லை, கிளட்சும் இல்லை. பிரேக் வேலையில் ஒரு பங்கை மோட்டார் எடுத்துக்கொள்வதால் பிரேக் பேடும் அதிக நாள் வரும்.

தண்ணீர் பற்றிப் பேசாமல் நம் ஊரில் வண்டி பற்றிப் பேச முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர் முகத்துவாரப் பக்கம் தண்ணீரோடு கசிந்த எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. அப்படி ஒரு நாளில் ஹைபிரிட் என்ன ஆகும்?

இந்த வண்டிகளில் உயர் அழுத்த மின் பேட்டரி பின்பக்கம், டிக்கித் தரைக்குக் கீழே இருக்கிறது. மழைநீர் தெறிப்பதையும், டயர் நனையும் அளவுத் தண்ணீரில் போவதையும் தாங்கும்படிதான் மூடியிருக்கிறார்கள். வண்டி நின்ற இடத்தில் மூழ்குவது வேறு விஷயம். தரைப்பாய் நனையும் அளவு தண்ணீர் ஏறிவிட்டால் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள், ஆரஞ்சு நிற வயர்களைத் தொடாதீர்கள், தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். லாரியில் ஏற்றித்தான் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும்.

வெள்ளச் சேதத்துக்குக் கம்பெனி வாரண்டி பொருந்தாது, இன்ஷூரன்ஸ்தான் கதி. வழக்கமான ‘இன்ஜின் பாதுகாப்பு’ துணைக் காப்பீட்டில் ஹைபிரிட் பேட்டரியும் மோட்டாரும் சேருமா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். “எல்லாம் வரும் சார்” என்ற வாய்ப் பதில் போதாது, பாலிசியில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு டிசம்பரும் உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்றால், வண்டியை மேட்டில் நிறுத்த ஓர் இடம் பார்த்துவிட்டு ஹைபிரிட் பற்றி யோசியுங்கள்.

உப்புக் காற்றும் அனல்மின் நிலையச் சாம்பலும்? உப்பு எந்த வண்டியையும் விடாது. அடிப்பாகத்துக்குத் துரு தடுப்புப் பூச்சு போடுங்கள், மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கீழே அடித்துக் கழுவுங்கள். சாம்பல், புழுதி விஷயத்தில் ஹைபிரிட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிரவைக்கக் காற்று இழுக்கும் துளை பின் இருக்கை அருகே இருக்கும். அது அடைபட்டால் பேட்டரி சூடேறும். உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்று டெலிவரியின்போதே காட்டச் சொல்லுங்கள். அதன் மேல் பையோ துணி மூட்டையோ வைக்காதீர்கள், சர்வீஸில் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வீட்டில் கப்பல் வேலைக்குப் போகிறவர் இருக்கிறாரா? ஆறு மாதம் வண்டி சும்மா நிற்குமா? ஹைபிரிட்டிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு, வண்டியின் கணினியை எழுப்புவது அதுதான். வாரக்கணக்கில் நின்றால் அது இறங்கிவிடும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கிளம்பாது. வாரம் ஒரு முறை வீட்டில் யாராவது எடுத்து அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். ஓட்ட ஆளே இல்லை என்றால் இந்த வண்டி உங்களுக்கு எதற்கு?

டிக்கி இடமும் குறையும். மைல்டில் 373 லிட்டர் கொள்ளும் டிக்கி, பேட்டரியால் ஹைபிரிட்டில் 265 லிட்டர் ஆகிவிடுகிறது. வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு போகும்போது இது தெரியும்.

சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு) வாங்கினால் என்ன? நியாயமான கேள்வி. எண்ணூரில் 2019-ல் திறந்த எல்.என்.ஜி. முனையத்தில்தான் திரவ எரிவாயு கப்பலில் வந்து இறங்குகிறது, கிட்டத்தட்ட நம் வாசலில். பெட்ரோல் மேனுவலை விட சி.என்.ஜி. வண்டிக்குக் கூடுதல் விலை சுமார் ஒரு லட்சம்தான். கிராண்ட் விட்டாராவுக்கு அங்கீகார மைலேஜ் கிலோவுக்கு 26.6 கிலோமீட்டர். பணம் திரும்பும் வேகத்தில் ஹைபிரிட்டை இது எளிதாக முந்தும். ஆனால் மேனுவல் கியர். கண்டெய்னர் வரிசையில் இடது கால் படும் பாடு உங்களுக்கே தெரியும். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும், பம்பில் வரிசையில் நிற்கவும் வேண்டும்.

மின்கார்? தினம் முப்பது, நாற்பது கிலோமீட்டர் மட்டும், வீட்டிலேயே நிறுத்த இடமும் பிளக்கும் உண்டு என்றால் ஹைபிரிட்டுக்கு முன் அதைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், சாலை வரியிலும் தமிழ்நாடு சில ஆண்டுகளாக விலக்குக் கொடுத்து வருகிறது. வாங்கும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் நிறுத்துகிறவருக்கு மின்கார் தலைவலி. (புகையே வராத வண்டி என்று மயிலாப்பூர்க்காரர் பெருமையாகச் சார்ஜ் போடும்போது, அந்த மின்சாரத்தில் ஒரு பங்குக்கான நிலக்கரி அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் எரிந்து சாம்பல் நம் மொட்டை மாடியில் விழுகிறது. அவரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.)

வரி குறையும் வரை காத்திருக்கலாமா? வேண்டாம். ஹைபிரிட்டும் வரியும் இந்தியாவில் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டே இருக்கின்றன. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்த அளவு ஹைபிரிட்டுக்கு மொத்தம் 43 சதவீதம் விழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. நல்ல செய்திதான், ஆனால் இதே அளவுள்ள சாதாரணப் பெட்ரோல் வண்டிகளும் 45-லிருந்து 40-க்கு இறங்கிவிட்டன. ஹைபிரிட்டுக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சாதகமும் போய்விட்டது. உத்தரப் பிரதேசம் 2024-ல் ஸ்ட்ராங் ஹைபிரிட்களுக்குப் பதிவு வரியை விலக்கியது. இங்கே இதுவரை அப்படி எதுவும் இல்லை.

பணத்தைத் தாண்டி ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நெரிசலில் ஹைபிரிட் அமைதியாக நிற்கும். அதிர்வு இல்லை, கிளட்ச் இல்லை, ஏ.சி. குறைவதில்லை. தினம் இரண்டு மணி நேரம் சாலையில் கழிப்பவருக்கு அதற்கு ஒரு விலை உண்டு. அந்தச் சுகத்துக்காக ஒன்றரை லட்சம் தரலாம் என்று மனம் சொன்னால், மீதி ஒன்றரை லட்சத்தை மட்டும் பெட்ரோலில் தேடுங்கள். தப்பில்லை. சுகத்துக்கு வாங்கிவிட்டு மிச்சம் பிடித்தேன் என்று வீட்டில் கணக்கு காட்டாமல் இருந்தால் சரி.

கடைசியாக, டெஸ்ட் டிரைவ். ஷோரூம்காரர் காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லி, காலியான சாலையில் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். அதில் எதுவும் தெரியாது. வேலைநாள் மாலையில் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஏ.சி. போட்டு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எர்ணாவூர் வழியாகத் திருவொற்றியூர் வரை போய்த் திரும்புங்கள். வாசலில் வந்து நிறுத்தியதும் திரையில் காட்டும் மைலேஜை எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரம், அதே வழி, பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில். இரண்டு எண்ணையும் மேலே சொன்ன கணக்கில் போட்டு, எத்தனை கிலோமீட்டரில் பணம் திரும்பும் என்று பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.